பகிர்வுக் கோப்புறை மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்பது ஏன்?

நான் பராமரிக்கும் அலுவலக நெட்வொர்க்கில் எட்டு கணினிகளும், எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் ஒரு சர்வரும் உள்ளன. அந்த எட்டில் ஒன்று மட்டும் தினமும் காலையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தும் மறுநாள் அதே பெட்டி திரும்ப வந்தது. விண்டோஸ் மறந்துவிடுகிறது என்றே அந்தக் கணினியைப் பயன்படுத்துபவர் நம்பியிருந்தார்.

சேமித்த கடவுச்சொற்களை விண்டோஸ் வைத்திருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரே சர்வருக்கு அங்கே இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று சர்வரின் பெயரிலும், மற்றொன்று நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான 192.168.1.20 என்ற ஐபி முகவரியிலும் சேமிக்கப்பட்டிருந்தன. சர்வரின் கோப்புறையைக் கணினியில் ஒரு டிரைவ் போலக் காட்டும் இசட் டிரைவ் பெயரின் வழியாகவும், டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட் ஐபி முகவரியின் வழியாகவும் இணைக்கப்பட்டிருந்தன. பல மாதங்களுக்கு முன் கடவுச்சொல்லை மாற்றியபோது, பெயரில் இருந்த பதிவு பழைய கடவுச்சொல்லோடு அப்படியே நின்றுவிட்டது. காலையில் இசட் டிரைவ் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்க்கும், சர்வர் மறுக்கும், பெட்டி வரும். அவர் அதை மூடிவிட்டு ஷார்ட்கட் வழியாக உள்ளே போய்விடுவார். அவர் டிக் செய்ததும் அங்கேதான். ஆகவே புதிய கடவுச்சொல் ஐபி முகவரிக்கு உரிய பதிவில் மட்டுமே சேமிக்கப்பட்டது.

இந்தச் சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. நமக்கு ஒரே இயந்திரமாகத் தெரிவது விண்டோஸுக்கு, அழைக்கும் பெயரைப் பொறுத்து, வெவ்வேறு இடமாகத் தெரிகிறது. எனவே எல்லாக் கணினிகளிலும் சர்வரை எந்தப் பெயரில் அழைப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஐபி முகவரியைவிடப் பெயரையே நான் பரிந்துரைப்பேன். எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் அமைத்துள்ள அலுவலகங்களில் இதற்குக் கூடுதலான காரணமும் உண்டு: ஐபி முகவரியால் அழைத்தால் பயனரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பான அமைப்பில் பயன்படுவதில்லை, இணைப்பு என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறைக்கு இறங்கிவிடுகிறது. கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டாலும் கெர்பரோஸ் ஏற்க மறுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெயரை முடிவு செய்த பிறகு, கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்தச் சர்வருக்கு உரிய எல்லாப் பதிவுகளையும் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை கட்டளைச் சாளரத்தில் நெட் யூஸ் (net use) கட்டளையால் துண்டித்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். இதைத் தவிர்த்தால், பழைய இணைப்பு பின்னணியில் உயிரோடு இருப்பதால், நீங்கள் செய்த மாற்றம் பலித்ததா இல்லையா என்றே தெரியாது. வேறொரு பயனர்பெயரில் அதே சர்வரை அணுக முயலும்போது தோன்றும் 1219 என்ற பிழைக்கும் இதுவே காரணம்: ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர்பெயர்களில் இணைவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. அதன்பின் புதிய பதிவைச் சேர்க்கும்போது, சர்வரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அதையடுத்து பயனர்பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். எந்த இயந்திரத்தில் உள்ள கணக்கு என்ற ஐயத்துக்கு அப்போது இடமிருக்காது.

பலரும் தடுக்கி விழும் இடம் பின் (PIN) எண். கணினியைத் திறக்கப் பயன்படும் அந்த எண் அந்தக் கணினியோடு முடிந்துவிடுகிறது. நெட்வொர்க்கில் கேட்பது கணக்கின் முழுக் கடவுச்சொல்லை. அதேபோல், கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் இயல்பாக நெட்வொர்க் வழியாக ஏற்பதில்லை. பகிர்வுக்கென்றே சர்வரில் தனியாக ஒரு கணக்கை உருவாக்கி, தேவையான கோப்புறைகளுக்கு மட்டும் அதற்கு உரிமை கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கடவுச்சொல்லைச் சேமித்துவிட்டால், திறந்து கிடக்கும் கணினியின் முன் வந்து உட்காரும் எவரும் அந்தக் கோப்புறைகளுக்குள் நுழைந்துவிடலாம் அல்லவா?

பெட்டி வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல் பாதுகாப்பையே அணைத்துவிட்டு, விருந்தினர் அணுகலைத் திறந்துவிடும் வழியை மட்டும் தயவுசெய்து நாடாதீர்கள். எழுதும் உரிமையோடு திறந்து கிடக்கும் கோப்புறையில், நெட்வொர்க்கில் உள்ள ஏதேனும் ஒரு கணினிக்குள் புகுந்த ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) அத்தனை கோப்புகளையும் பூட்டிவிட முடியும். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது, கோப்புகளைப் பகிரப் பயன்படும் பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். அதே ஆண்டில் வெளியான விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 பெரும்பாலும் இயல்பாக நிறுவப்படுவதில்லை. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் விருந்தினர் அணுகலும் அப்போதே மூடப்பட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீடு வந்தபோது அந்தத் தடை புரோ பதிப்புக்கும் வந்தது. விண்டோஸ் அமைப்புகளை மாற்றி இவற்றைத் திரும்பத் திறக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மேக் கணினிகளில், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீசெயினில் சேமிக்கும் கட்டத்தை டிக் செய்தால் போதும். லினக்ஸில் பலர் கடவுச்சொல்லை, இணைக்க வேண்டிய டிரைவ்களையும் பகிர்வுகளையும் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பிலேயே எழுதிவிடுகிறார்கள்; அந்தக் கோப்பை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் படிக்க முடியும். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் எழுதி, முழு உரிமை கொண்ட ரூட் கணக்கு மட்டும் படிக்கும்படி 600 என்ற அனுமதியைக் கொடுத்து, எஃப்எஸ்டேப்பில் அதன் இருப்பிடத்தை மட்டும் குறிப்பிடுங்கள்.

தினமும் கடவுச்சொல் கேட்ட அந்தக் கணினியில் இப்போது ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. ஷார்ட்கட்டும் பெயரையே சுட்டுகிறது. அடுத்த முறை சர்வரில் கடவுச்சொல்லை மாற்றும்போது, அன்றைக்கே எட்டு கணினிகளிலும் பதிவைத் திருத்திவிட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். பழைய கடவுச்சொல்லோடு ஒரு கணினி திரும்பத் திரும்ப முயன்றால், சர்வரில் உள்ள அமைப்பைப் பொறுத்து, அந்தக் கணக்கே எல்லோருக்கும் பூட்டப்பட்டுவிடலாம்.