கை வைத்தால்தான் வழக்கா?

கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) வேலை பார்த்தவர்களுக்கு மிரட்டல் புதிதல்ல. ஓடைப் புறம்போக்கில் வேலி போட்டவர், பட்டா மாறுதலில் தோற்ற பங்காளி, ராத்திரியில் ஆற்றுக்குள் டிராக்டர் இறக்குகிறவர் என்று ஆள்தான் மாறுவார், பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்: "சார், நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போறீங்கன்னு தெரியும்."

ஓர் ஓடை ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில் எனக்கும் இது வந்தது. புகார் கொடுக்கப் போன ஸ்டேஷனில் முதல் கேள்வியே "கை வச்சானா?" என்பதுதான். இல்லை என்றதும் வழக்குப் போடாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அப்புறம் சட்டத்தை எடுத்துப் படித்தபோது, அந்தக் கேள்வி சட்டத்திலேயே இருப்பது தெரிந்தது.

அரசு ஊழியரின் வேலையில் தலையிட, தீங்கு செய்வதாக மிரட்டினால் 2 ஆண்டு வரை சிறை. பழைய இ.பி.கோ. 189, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 224. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதை விசாரிக்க முடியாது, கைதானாலும் ஜாமீன் உரிமை. பணி செய்யவிடாமல் தாக்கினாலோ பலத்தைப் பிரயோகித்தாலோ பழைய 353, இப்போது 132, அதற்கும் 2 ஆண்டுதான், ஆனால் அது உடனே எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத வழக்கு. காயம் பட்டால் 3 ஆண்டாக இருந்த தண்டனையைப் புதிய சட்டம் 5 ஆண்டாக்கியிருக்கிறது. மிரட்டலுக்கு மட்டும் ஒன்றும் கூடவில்லை.

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ.வாக இருந்த லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தல் பற்றிப் போலீசில் புகார் கொடுத்திருந்தார். 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். ஐந்து மாதத்துக்குள் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, நம் நீதிமன்றங்களின் வேகத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் என் மனம் அந்தப் புகாருக்கும் கொலைக்கும் இடைப்பட்ட நாட்களிலேயே நிற்கிறது. சட்டம் உதவியிருக்க வேண்டிய நாட்கள் அவைதான்.

அதற்காக எங்களைக் கேள்வி கேட்கிறவர்களை எல்லாம் உள்ளே தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. சான்றிதழுக்கு நாலு முறை அலையவிட்டால் யாருக்கும் குரல் உயரத்தான் செய்யும், அதற்கும் 353 போட்ட கதைகள் உண்டு, அது அநியாயம். பெங்களூரு போக்குவரத்துப் போலீசின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஓர் இன்ஸ்பெக்டரைக் குறைசொல்லி எழுதிய தம்பதி மேல் 353, 506 (மிரட்டல்) பிரிவுகளில் போட்ட வழக்கை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டுவது வேறு, வீட்டுக்குப் போகும் வழியைச் சொல்லிக் காட்டுவது வேறு. எதிரே உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

"அட்ஜஸ்ட் பண்ணிப் போங்க" என்றுதான் மேலே இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். நியாயமாக, தாசில்தார் தன் கையெழுத்தில் புகார் கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் உத்தரவையும் அலுவலகமே கேட்டு வாங்க வேண்டும். ஏனென்றால் புகாரில் பெயர் இருக்கிற வி.ஏ.ஓ., மறுநாள் காலையில் தலையாரியை மட்டும் கூட்டிக்கொண்டு அதே ஓடைக்குத்தான் அளக்கப் போக வேண்டியிருக்கிறது.