ஃபிம்பிரியேட்டட்: வண்ணம் வண்ணத்தைத் தொடாமல் காக்கும் கரை

ஐரோப்பியக் குலச்சின்னக் கலையான ஹெரால்ட்ரியில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். படத்தில் மஞ்சளாகவும் வெண்மையாகவும் தீட்டுவார்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா எல்லாம் வண்ணங்கள். வண்ணத்தின் மேல் வண்ணமோ, உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக் கூடாது என்பது விதி. வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது உருவம் தளத்தோடு கலந்துவிடும்.

நீலத் தளத்தில் சிவப்புச் சிலுவை வந்தே தீர வேண்டும் என்றால் என்ன செய்வது? சிலுவையை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கரை கட்டுவார்கள். அப்படிக் கரை கட்டிய உருவம்தான் 'ஃபிம்பிரியேட்டட்'.

இந்தக் கரை உருவத்தை ஒட்டியே ஓட வேண்டும். நடுவில் தளம் தெரியும்படி இடைவெளி விட்டுப் போனால் அது 'காட்டிஸ்'. சின்னம் வரையப்படும் கேடயத்தின் வெளி விளிம்பைச் சுற்றி வந்தால் 'பார்டுர்'. இலங்கைக் கொடியைச் சுற்றி வரும் மஞ்சள் அந்த வகையைச் சேர்ந்தது. வரைபவர்கள் அதிகம் தவறுவது சிலுவையின் முனைகளில். கேடயத்தின் ஓரம் வரை நீளும் சிலுவைக்குப் பக்கவாட்டில் மட்டும்தான் கரை வரும். முனைகளையும் சுற்றிக் கட்டிவிட்டால், ஓரத்தைத் தொடாமல் நடுவில் வெட்டி நிறுத்திய சிலுவையாகப் படிக்கப்படும். அது வேறு சின்னம்.

அளவுகளோடு பார்க்க 1801-இல் வந்த பிரிட்டனின் யூனியன் கொடியைவிட நல்ல உதாரணம் இல்லை. உயரத்தை 30 பங்காகப் பிரியுங்கள். நடுச் சிவப்புச் சிலுவை 6 பங்கு, அதன் இரு பக்கமும் வெள்ளைக் கரை 2 பங்கு வீதம். அடுத்து மூலைவிட்டங்களை வரையுங்கள். நடுவிலிருந்து மூலைக்குப் போகும் ஒவ்வொரு கையிலும் கோட்டின் ஒரு பக்கம் 3 பங்கு வெள்ளை. மறுபக்கம் 2 பங்கு சிவப்பு, அதற்கு வெளியே 1 பங்கு வெள்ளை. இந்த அகலங்களை மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். 90 செ.மீ. உயரக் கொடியில் ஒரு பங்கு 3 செ.மீ.

அந்த 3 பங்கு வெள்ளை ஸ்காட்லாந்தின் X வடிவ ஆண்ட்ரூ சிலுவை. 1 பங்கு வெள்ளை மட்டுமே கரை. அயர்லாந்துக்கான சிவப்பு நீலத்தில் படாமல் காப்பது அதுதான். இரண்டையும் ஒரே அகலத்தில் தைத்தால் ஆண்ட்ரூ சிலுவையே காணாமல் போய், வெறும் கரை கட்டிய சிவப்புச் சிலுவைதான் மிஞ்சும். கம்பத்தை ஒட்டிய பாதியில் அகல வெள்ளை சிவப்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கொடி தலைகீழ். இன்னொரு விஷயம்: சின்னத்தின் எழுத்து வர்ணனை நடுச் சிலுவையின் கரையும் மற்றதைப் போன்றதே என்கிறது, அகலம் எதுவும் சொல்வதில்லை. நடைமுறையில் அது இரு மடங்கு. கரை என்ற பெயருக்கு 2 பங்கு கொஞ்சம் அதிகம் என்பதே என் கருத்து.

ஒரே உருவத்துக்கு இரண்டு நிறக் கரையும் உண்டு. 1994-இல் வந்த தென்னாப்பிரிக்கக் கொடியின் பச்சைப் பட்டைக்குச் சிவப்பு, நீலப் பக்கங்களில் வெள்ளைக் கரை, கறுப்பு முக்கோணத்தின் பக்கம் பொன் கரை. பச்சை உயரத்தில் 1/5, வெள்ளைக் கரை ஒவ்வொன்றும் 1/15.

கணினியில் வரைபவர்கள் சிலுவைக்கு அவுட்லைன் ஸ்ட்ரோக் (விளிம்பின் மேல் ஓடும் கோடு) கொடுத்து முடித்துவிடாதீர்கள். ஸ்ட்ரோக் பாதி உள்ளே, பாதி வெளியே விழும். சிலுவை மெலியும், கரையும் வெளியே பாதிதான் தெரியும். அகலமான வெள்ளை உருவத்தை அடியில் வரைந்து, அதன் மேல் சிவப்பை வையுங்கள். சின்ன ஐகானுக்கு அளவுகளை அப்படியே சுருக்கவும் கூடாது. 15 பிக்சல் உயரத்தில் 1 பங்கு கரை அரை பிக்சல்தான். மங்கிப்போய்ச் சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொள்ளும். அங்கே கரைக்கு முழுதாக ஒரு பிக்சல் கொடுத்துவிட்டு, அகல வெள்ளையை அதைவிடப் பெரிதாக, குறைந்தது 2 பிக்சலாக வையுங்கள்.