புளோரிடா ஊற்றுகளில் இரவு டைவ்: அனுமதி வாங்கிய கதை

வட புளோரிடாவின் நன்னீர் ஊற்றுகளில் பகலில் ஸ்கூபா டைவ் (காற்று சிலிண்டரோடு நீருக்கடியில் நீந்துவது) செய்வது பெரிய விஷயமில்லை. டைவிங் பயிற்சி முடித்த சான்று அட்டையைக் காட்டி, பணம் கட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இறங்கிவிடலாம். அதையே இருட்டிய பிறகு செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள், பாதி இடங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எனக்கும் என்னோடு டைவ் செய்யும் நண்பருக்கும் இது கைகூடச் சில மாதங்கள் பிடித்தன. அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மாநிலப் பூங்காக்களைத்தான் பார்த்தோம். கட்டணம் குறைவு, இடமும் சுத்தம். ஆனால் புளோரிடா மாநிலப் பூங்காக்கள் பொதுவாகக் காலை 8 மணிக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடுபவை. வருடம் 365 நாளும் திறந்திருந்தாலும் இந்த எல்லை மாறாது. பூங்காவுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கினால் வழி பிறக்குமா என்று ஒரு பூங்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "தங்குவது வேறு, தண்ணீரில் இறங்குவது வேறு சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அங்கிருந்த ரேஞ்சர்.

பகலிலேயே கட்டுப்பாடு உள்ள ஊற்றுகளும் உண்டு. ஆரஞ்ச் சிட்டி அருகிலுள்ள புளூ ஸ்பிரிங்கில் குளிர்காலத்தில் மானட்டீகள் எனும் பெரிய நீர்வாழ் பாலூட்டிகள் வெதுவெதுப்பான நீரைத் தேடி வந்து தங்கும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அங்கே மனிதர்கள் நீரில் இறங்க முடியாது. வகுல்லா ஊற்றில் ஆய்வுக் குழுக்களுக்கு மட்டும்தான் ஸ்கூபா. வெஸ் ஸ்கைல்ஸ் பீக்காக் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் குகைக்குள் போகக் குகை டைவிங் சான்று கேட்பார்கள். எங்களிடம் அது இல்லை.

இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. என் நண்பரிடம் கேவர்ன் சான்று இருக்கிறது. கேவர்ன் என்பது குகையின் வாசல் பகுதி, பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் கேவர்ன் பயிற்சியில் ஆழத்தையும் உள்ளே போகும் தூரத்தையும் சேர்த்து 130 அடிக்கு மேல் போகக்கூடாது. அந்த அட்டை இரவுக்குச் செல்லுமா என்று எங்கள் பயிற்றுநரிடம் கேட்டேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரியில் பகல் வெளிச்சம் எங்கேயிருந்து வரும்?"

யோசித்துப் பார்த்தால் எல்லா விதிகளும் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கின்றன. பகலில் கேவர்னுக்குள் திசை தடுமாறினால், நீல ஒளி எங்கே தெரிகிறதோ அந்தப் பக்கம் நீந்தினால் போதும். சூரியன் போய்விட்டால் அந்த அடையாளமே கிடையாது. பாறையும் நீரும் அதேதான், ஆனால் விதிப்படி அது குகை. குகை என்றால் வெளியிலிருந்து தொடர்ச்சியாக இழுத்துவரும் வழிகாட்டிக் கயிறு, ஆளுக்கு மூன்று விளக்கு, காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே போகச் செலவழிப்பது, இவற்றுக்கெல்லாம் முழுப் பயிற்சி. குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1979-இல் விபத்துகளை அலசி எழுதிய கையேட்டிலிருந்து கிளைத்த ஒழுங்குகள் இவை. சும்மா பயமுறுத்துவதற்காக வந்தவை அல்ல. குகை வாசல்களில் அரிவாள் ஏந்திய எலும்புக்கூடு படம் போட்ட பலகையைப் பார்த்திருப்பீர்கள். இதுபோன்ற குகைகளில் 300-க்கும் மேற்பட்ட டைவர்கள் இறந்திருக்கிறார்கள், அவர்களில் பயிற்றுநர்களும் உண்டு என்று அதில் எழுதியிருக்கும்.

ஆக, குகைச் சான்று இல்லாதவர்களுக்கு மிச்சம் இருப்பவை தனியார் பூங்காக்கள். நாங்கள் போனது ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகே, சாண்டா ஃபே ஆற்றங்கரையில் இருக்கும் ஜின்னி ஸ்பிரிங்ஸ். அங்கே இரவு டைவிங் உண்டு, ஆனால் எல்லா ஊற்றிலும் எல்லோருக்கும் இல்லை. டெவில்ஸ் ஐ, டெவில்ஸ் இயர், லிட்டில் டெவில் என்ற மூன்றும் ஒரு தொகுதி. குகைச் சான்று இல்லாதவர்கள் அந்தத் தொகுதிக்குள் டார்ச் எடுத்துப் போகக்கூடாது. முதலில் கேட்கும்போது விநோதமாக இருக்கும், பாதுகாப்புக்கு விளக்கு வேண்டாமா என்று. ஆனால் விளக்கில்லாதவன் இருட்டு தொடங்கும் இடத்தில் தானாகத் திரும்பிவிடுவான். கையில் டார்ச் இருப்பவன்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே போவான். நான் பார்த்த விதிகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். அப்படியானால் இரவில் அந்தப் பக்கம் நமக்கு இல்லை, அவ்வளவுதான். டார்ச் இல்லாமல் இரவில் இறங்க முடியாது, டார்ச்சோடு அங்கே இறங்கவும் முடியாது.

ஜின்னி ஊற்றின் கதை வேறு. அதன் உள்ளறையை பால்ரூம் என்பார்கள். அறையின் கடைசியில், குகை தொடங்கும் இடத்தில், இரும்புக் கம்பிக் கதவு போட்டு அடைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் யாராலும் போக முடியாது என்பதால் அங்கே சாதாரணச் சான்று உள்ளவர்களும் டார்ச்சோடு போகலாம். இருந்தாலும் இரவில் பேசின் எனப்படும் வெளிக் குளத்திலும் பால்ரூமின் வாசலிலும் மட்டும் சுற்றினால் போதும் என்றார் பயிற்றுநர். நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

காகித வேலை அதிகமில்லை. சான்று அட்டை, அடையாள அட்டை, பொறுப்புத் துறப்புப் படிவம், கட்டணம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் மாலையில் ஒரு முறை இறங்கி, படிக்கட்டு எங்கே, பேசினில் மணல் எங்கே முடிகிறது, வாசல் எந்தத் திசையில் என்றெல்லாம் பார்த்துவைத்தோம். இரவில் அதே இடம் பாதியாகச் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது.

கருவிகளில், ஆளுக்கு ஒரு பெரிய டார்ச், ஒரு மாற்று டார்ச், சிலிண்டரில் கட்டும் சிறு விளக்கு. கைச் சைகைகளை விளக்கு வெளிச்சத்தில் காட்ட வேண்டும், அல்லது விளக்காலேயே காட்ட வேண்டும்: தரையில் மெதுவாக வட்டம் போட்டால் எல்லாம் சரி, மெதுவாக இடவலமாக ஆட்டினால் இங்கே பார், வேகமாக ஆட்டினால் அவசரம். துணையின் முகத்தில் அடிக்கவே கூடாது, ஒரு நிமிஷத்துக்கு அவருக்குக் கண் தெரியாது. நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் சுமார் 22 டிகிரி செல்சியஸ். கேட்க இதமாக இருக்கும், ஆனால் ஊற்றிலிருந்து வரும் வேகம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டும் முடிவில் எனக்குப் பல் கிட்டியது. குளிர்காலத்தில் நீரைவிடக் காற்று சில்லென்று இருக்கும், கரையேறியதும் போர்த்திக்கொள்ள ஏதாவது கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

உள்ளே என்ன பார்த்தோம்? பகலில் கூட்டமாகத் திரியும் சன்ஃபிஷ்கள் அடித்தரைக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தன. பாறை இடுக்கிலிருந்து நன்னீர் நண்டுபோல நீண்ட கொடுக்குள்ள கிரேஃபிஷ்கள் வெளியே வந்திருந்தன. ஒரு விலாங்கு வெளிச்சத்தைக் கண்டதும் மெதுவாகப் பின்வாங்கியது. வாசலில் விளக்கைத் திருப்பினால் சுண்ணாம்புப் பாறைச் சுவர் முழுக்கத் தெரிகிறது. நீர் அத்தனை தெளிவு, ஒளிக்கதிரே கண்ணுக்குத் தெரியவில்லை, விழுந்த இடம்தான் தெரிந்தது. எதிர்த்து வரும் நீரோட்டம் மட்டும் அங்கே நிற்பதற்குச் சிரமம் கொடுத்தது.

ஆற்றின் மட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். சாண்டா ஃபே பெருகினால் தேநீர் நிற ஆற்று நீர் ஊற்றுக்குள் புகுந்துவிடும், பிறகு பகலில்கூட ஒன்றும் தெரியாது. சுவானி ஆற்று நீர் மேலாண்மை வாரியம் அளவுகளை வெளியிடுகிறது. கோடைச் சனிக்கிழமைகளைத் தவிர்ப்பதும் நல்லது, டியூபில் மிதக்க வருகிறவர்களின் கூட்டம் இருட்டும்வரை கலையாது. ஆற்றுப் பக்கம் போவதானால் நீருக்கடியில் ஆள் இருப்பதைக் காட்டும் டைவர் கொடி வேண்டும், நீரில் இழுத்துப் போகும் கொடி குறைந்தது 12-க்கு 12 அங்குலம் என்கிறது மாநிலச் சட்டம். நாங்கள் பேசினை விட்டு வெளியே போகவில்லை.

இரவுக் கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. அதனால் கிளம்பும் வாரத்திலேயே போன் செய்யுங்கள். இரவு டைவ் உண்டா என்று மட்டும் கேட்டால் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் வரும். எந்த ஊற்று, உங்கள் குழுவில் யாரிடம் எந்தச் சான்று, எத்தனை மணிக்குள் கரையேற வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள்.