காயில் கடையும் பதினொன்றாம் வகுப்பும்

ஜூன் 24, 2024, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு, தொழிற்கல்வி, அடிப்படை மின் பொறியியல். சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏன், மார்க் பத்தலையா?" தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே கூட வந்த பிரிவு இது. இன்னும் அதே கேள்விதான். என் மார்க்குக்குக் கணினி அறிவியல் கிடைத்தது, நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வருமென்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

மாடிப்படி வயரிங். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒன்று, எதைத் தட்டினாலும் ஒரே பல்பு. நோட்டில் வரையும்போது எல்லாருக்கும் வந்தது. பலகையில் ஏற்றும்போது ஆளுக்கொரு வாதம். சார் சப்ளைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பல்பைத் தொடராக (சீரிஸ்) வைத்துச் சோதித்த பிறகுதான் நேரடி சப்ளை கொடுத்தார். எங்காவது ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போகாமல் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒரு குழுவுக்கு எரிந்தது, சிரித்தோம்.

செப்டம்பர் 30, திங்கள்

காலாண்டு விடுமுறை. பள்ளியில் மோட்டார் படத்தில்தான் இருக்கிறது என்பதால் சூலூர்ப் பக்கம் காயில் கட்டும் கடைக்கு, அதாவது மோட்டாரில் கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றும் கடைக்குப் போகிறேன். வந்து கிடப்பவை பெரும்பாலும் விவசாய மோட்டார்கள். இன்று ஒரு 5 எச்.பி. சப்மெர்சிபிள், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார். மூன்று ஃபேஸ், அதாவது மூன்று லைனில் கரண்ட் வரும். திறந்ததுமே கடை அண்ணன், "ஒரு ஃபேஸ் போயிருக்குதுங் கண்ணு" என்றார். மூன்று செட் காயிலில் இரண்டு கருகி, ஒன்று மட்டும் புதுசாட்டம் இருந்தது. மூன்று செட்டின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் கனெக்‌ஷனில் ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டார் ஓடினால் மற்ற இரண்டும் கூடுதல் கரண்ட் இழுத்து வெந்துபோகும். புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திதான். தோட்டத்துக்குக் கரண்ட் இலவசம், காயில் கட்டுவது இலவசமில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இந்த மோட்டாருக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். அதனால் எனாமல் பூச்சு மட்டும் உள்ள கம்பி ஆகாது, பிளாஸ்டிக் உறை போட்ட வயர்தான். ஸ்லாட்டில், அதாவது காயில் உட்காரும் பள்ளத்தில், நான் இந்தப் பக்கம் விட, அண்ணன் அந்தப் பக்கம் இழுத்தார். உறை கீறினால் அவ்வளவுதான், கட்டியதெல்லாம் வீண்.

24 ஸ்லாட். ஃபேஸ்கள் 1, 9, 17-ல் தொடங்கும் என்று பார்க்காமலே சொல்கிறார். ஏன் 9 என்றேன். "எங்க மேஸ்திரி அப்படித்தான் கட்டுவாரு. நீதான படிக்கிறவன், கண்டுபுடிச்சு வந்து சொல்லு."

அக்டோபர் 7, திங்கள்

சாரிடம் போகுமுன் நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு போல் (காந்த முனை) மோட்டார். 24 ஸ்லாட்டுக்கு 360 டிகிரி, ஒன்றுக்கு 15. ஃபேஸுக்கு ஃபேஸ் 120 டிகிரி தள்ளி நிற்க வேண்டும், அதாவது எட்டு ஸ்லாட். 1, 9, 17 சரி! சார் பார்த்துவிட்டு, +2 முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதை மறுபடி நினைவுபடுத்தினார். அது அப்புறம். 36 ஸ்லாட், நாலு போல் என்றால் ஒரு சுற்று 720 டிகிரிக் கணக்கு, ஸ்லாட்டுக்கு 20, ஆக 1, 7, 13 வருகிறது. சனிக்கிழமை கடையில் அப்படி ஒரு மோட்டார் கிடக்கிறதா பார்க்க வேண்டும்.