அரைக்கோயில்

கணக்கு சார் போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே லண்டனில் விடிந்திருக்கவில்லை. கீழே ஒருவன் கேட்டிருந்தான்: "அரைக்கோயிலுக்குச் சொல்லியாச்சா?"

அரைக்கோயில் நான்தான். என் செட்டுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

1987, ஒன்பதாம் வகுப்பு 'பி'. வடிவொத்த முக்கோணங்கள். கொடிக்கம்பத்தை அதன் நிழலை வைத்து அளந்தாயிற்று. பம்புசெட் பக்கத்துச் சாய்ந்த தென்னை வழக்கம்போல எங்களையும் ஏமாற்றிவிட்டது. (அது இன்னும் நிற்கிறதா?) நான் சும்மா இருக்காமல் எழுந்து, "பெரிய கோயில் நிழல் தரையிலயே விழாதாமே சார், அதை எப்படி அளக்கிறது?" என்று கேட்டேன். எங்கள் அப்பாயி சொன்னது. சார் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்கடா" என்றார்.

ஆவணி மாதம். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிய வருடங்கள் குறைவு. அந்த வருடம் எப்படி என்று நினைவில்லை. நினைவில் இருப்பது பத்தரை மணி வெயிலும், விமானத்துக்கு மேற்கே கல்தரையில் கறுப்பாக, சந்தேகமே இல்லாமல் விழுந்து கிடந்த நிழலும்தான். அப்பாயி தோற்றாள்.

சார் 4 அடி மூங்கில் கழியை நட்டுப் பிடித்தார். அதன் நிழல் 2 அடி. "உயரத்துல பாதி நிழல். இப்ப கோயிலை அளடா" என்று, அடிக்கு ஒரு முடிச்சு போட்ட சணல் கயிற்றை என்னிடம் கொடுத்தார். கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்த தண்டனை. சுவரிலிருந்து நிழலின் உச்சி வரை கயிறு பிடித்தேன். 58 அடி. இரண்டால் பெருக்கி, "116 அடி சார்!" என்று கத்தினேன். பக்கத்தில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"1010லேயே ராஜராஜன் முழுசாக் கட்டி முடிச்சுட்டார்டா. பாதியை நீ எங்க வித்த?"

விஷயம் இதுதான். கலசம் சுவருக்கு நேர் மேலே இல்லை, கோயிலின் நடுவுக்கு மேலே இருக்கிறது. நிழலை நடுவிலிருந்து அளக்க வேண்டும். அடிப்பக்கம் ஏறக்குறைய 100 அடி, அதில் பாதி 50. 58ஓடு சேர்த்தால் 108. இரட்டித்தால் 216. (அவ்வளவு கச்சிதமாக வந்ததா என்று கேட்காதீர்கள். விடை முன்பே தெரிந்திருந்ததால் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தோம்.) எகிப்தில் பிரமிடை நிழலால் அளந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க அறிஞர் தேல்ஸுக்கும் இந்த வம்பு இருந்திருக்கும்.

அப்பாயியையும் சார் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. தஞ்சாவூரில் பங்குனி தொடங்கிப் புரட்டாசி முற்பாதி வரை உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது; அப்போது கலசத்தின் நிழல் கோயிலின் மேலேயே விழுந்துவிடும், தரைக்கு வராது. "நண்பகல்ல பாத்தவங்க சொன்னது. பாட்டி பொய் சொல்லலை, மணியைத்தான் சொல்லலை" என்றார்.

திங்கட்கிழமை பிரேயருக்குள் நான் அரைக்கோயில் ஆகிவிட்டேன். பள்ளி முடியும்வரை அந்தப் பெயருக்காக அவரை வெறுத்தேன். இங்கே அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது.

ஊருக்குக் கடைசியாகப் போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். வேலை, சம்பளம், வீடு எதையும் கேட்கவில்லை. "டிசம்பர் 21ஆம் தேதி உச்சிப்பொழுதில ஒரு அடி ஸ்கேலை நட்டு நிழலை அளந்து எழுது. நீ எங்க நிக்கிறேன்னு நான் கண்டுபிடிச்சுடறேன்" என்றார். சரி சார் என்றேன். அந்த டிசம்பரில் மேகம். அடுத்ததில் வேலை. அப்புறம் மறந்தே போனது.

இந்த முறை வெயில் அடித்தது. வீட்டுக்குப் பின்னால், பனி உருகிய சிமெண்ட் தரையில், ஸ்கேலை நட்டு அளந்தேன். 3 அடி 8 அங்குலம், கொஞ்சம் கூட. நடுவிலிருந்துதான் அளந்தேன், சார்.