சோபாவும் சுங்குடியும்: ஓர் ஆடி மாத நாட்குறிப்பு

ஜூலை 18, வெள்ளி

வலக்கண்ணில் புரை எடுத்துப் போட்ட கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் உட்கார வைத்தார்கள். அதைக் கழற்றி எதிரே பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது சோபாதான். சந்தன நிறம் என்று நான் நினைத்துப் பழகியிருந்த குஷன் உறைகள் உண்மையில் வெள்ளை. அந்த வெள்ளையில் எண்ணெய்த் தலைகள் சாய்ந்த இடமெல்லாம் பழுப்பு வட்டங்கள் படிந்திருந்தன. மருத்துவமனைக்குப் போகும் முன் என்னைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் இவற்றின் மேல்தான் சாய்ந்து பேசிவிட்டுப் போனார்கள்.

ஜூலை 19, சனி

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை.

ஜூலை 20, ஞாயிறு

தையல் மிஷின் பக்கம் போகக் கூடாது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தூரத்தில் இருக்கும் காலண்டரின் தேதி துலக்கமாகத் தெரிகிறது, ஆனால் கையில் பிடித்திருக்கும் ஊசியின் காது தெரிவதில்லை. பக்கத்துப் பார்வைக்கான கண்ணாடியை ஒரு மாதம் கழித்துத்தான் எழுதித் தருவார்களாம். அதுவரை கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இதை எழுதுவதே பெரும்பாடு.

கடையில் ஆடித் தள்ளுபடியில் உறைகள் மலிவாகக் கிடைக்கும், ஐந்தையும் வாங்கிப் போட்டுவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எங்கள் குஷன்கள் போடி இலவம் பஞ்சை அடைத்து, மெத்தைக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவை என்பது அவருக்கு மறந்துவிட்டது. கடைகளில் 16 அங்குலச் சதுரம், 18 அங்குலச் சதுரம் என்றுதான் விற்கிறார்கள். எங்களுடையதில் ஒன்று பதினேழு இருக்கும், இன்னொன்று ஒரு பக்கம் பதினைந்தாகவும் மறுபக்கம் பதினாறாகவும் இருக்கும். பஞ்சு திரண்டு, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஜிப் வைத்த உறையில் இவற்றைத் திணித்தால் ஒரு மூலை புடைத்து, எதிர்மூலை தொங்கும். பிரித்துப் புதிதாக அடைக்கலாம் என்றால், இலவம் பஞ்சுத் தூசு பறக்கும் இடத்தில் நான் இப்போது நிற்கவே கூடாது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் கடைகள் இருந்தவரை தெரிந்த தையற்காரர் ஒருவர் அங்கே இருந்தார். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அவரைத் தேடிப் போகவில்லை. தேடிப் போகும் நிலையில் இப்போதும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

தைக்காமலே உறை போடும் வழிகள் ஏராளமாக இருக்கின்றன என்று பேத்தி கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். “அம்மாச்சி, நீங்க பாக்காதீங்க, நான் சொல்றேன், கேளுங்க” என்று திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. துணிக்கான பசையால் விளிம்பை மடித்து ஒட்டுவது ஒரு வழி. இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் உருகி ஒட்டிக்கொள்ளும் நாடா இன்னொரு வழி. மொத்தமான கம்பளித் துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்கு மூலைகளையும் வெட்டி எடுத்துவிட்டு, ஓரங்களை அங்குல அகலத்தில் கீறி, மேல்வாரையும் கீழ்வாரையும் முடிச்சுப் போடுவது மற்றொன்று. மதுரை வெயிலில் கம்பளிக் குஷனில் சாய்பவர் யார் என்று கேட்டுவிட்டேன்.

பசையையும் நாடாவையும் அவர் விளக்குத்தூண் பக்கம் போய் வாங்கி வந்தார். பழைய வேட்டித் துண்டில் ஒட்டிப் பார்த்தோம். பசை காய்ந்த இடம் விறைத்துப் போய்த் தொட்டால் குத்துகிறது. நாடா அதைவிட மேல்தான், விளிம்பு நேராக நிற்கிறது. ஆனால் மெல்லிய பருத்தியில் ஒட்டிய இடம் வெளியே பளபளக்கிறது, அந்தப் பளபளப்பு என் வலக்கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. கனத்த மேசைவிரிப்புத் துணிக்கு அது சரிப்படும், என் மனத்தில் இருக்கும் துணிக்குச் சரிப்படாது.

ஜூலை 23, புதன்

சர்க்கரை இன்னும் இறங்கவில்லை. இறங்கினால்தான் அடுத்த கண்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. இன்று வெட்டவும் கிழிக்கவும் கூடாது என்றார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

ஜூலை 25, வெள்ளி

பெட்டி இறங்கியது. நாத்தனார் 1998இல் எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலை அடியில் இருந்தது. கட்டியதைவிடத் துவைத்து மடித்து வைத்ததே அதிகம். வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் நீலம், இடக்கண்ணால் மட்டும் பார்த்தால் பச்சை. கடைக்காரர் அன்றைக்கு மயில்கழுத்து என்று சொல்லி விற்றார், இரண்டு கண்களுக்கும் பொதுவாக அதை வைத்துக்கொள்ளலாம்.

இது கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடி. துணியைக் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, அப்படியே சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழும். முடிச்சை அவிழ்த்த புதுச் சேலையில் புள்ளிக்குப் புள்ளி துணி சுருங்கிக் குமிழ்போல நிற்கும். இப்போது துவைத்துத் துவைத்துக் குமிழ் அமுங்கிவிட்டது, ஆனால் புள்ளிகள் எதுவும் சரியான வட்டமில்லை, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதை நன்றாகப் பார்த்தேன். இந்தத் துணிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகும் அச்சுப் புள்ளி போட்டதைச் சுங்குடி என்று விற்பவர்கள் குறைந்துவிடவில்லை.

வெட்டுவதற்கு நேர்கோடு தெரிய வேண்டும், எனக்குத் தெரியாது. கிழிப்பதற்குக் கண் வேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலையில் அகலம் 45 அங்குலம். முந்தானை ஓரத்தைப் புரட்டி எதிர்க்கரைமேல் வைத்தால் முக்கோணம் வரும், அது முடியும் இடத்தில் சதுரம் முடிகிறது. அந்த இடத்தில் கரையை மட்டும் அவர் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்தார், ஏனென்றால் ஜரிகை ஓடும் கரை கையால் கிழியாது. கரையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். டர்ரென்று ஒரே சத்தம். ஊடையிழை வழியே கிழிசல் ஒரு நூல்கூடப் பிசகாமல் மறுகரை வரை ஓடி நின்றது. கையிரண்டும் மார்பளவில் இருந்தன, குனியவில்லை, தம் பிடிக்கவில்லை. நான்கு சதுரங்கள் போக ஒரு கெஜம் மிச்சம்.

ஜூலை 26, சனி

நாத்தனார் அடுத்த வாரம் என்னைப் பார்க்க வருகிறாராம்.

ஜூலை 28, திங்கள்

இன்று முதல் உறை. குனியக் கூடாது என்பதால் சாப்பாட்டு மேசையில் நின்றுகொண்டே செய்தேன். சதுரத்தின் உட்பக்கம் மேலே தெரிய விரித்து, குஷனைக் கோணலாக, அதன் பக்கங்கள் துணியின் மூலைகளைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு மூலைகளை ஒவ்வொன்றாகக் குஷன்மேல் இழுத்துப் போர்த்தி, எஞ்சிய நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். பிறகு மீதி இரண்டு மூலைகளையும் கொசுவம்போல மடித்து நடுவுக்குக் கொண்டுவந்து இரட்டை முடிச்சுப் போட வேண்டும். 16 அங்குலக் குஷனுக்கு 45 அங்குலச் சதுரம் தாராளம். முடிச்சுக்குப் பிறகும் ஆளுக்கொரு சாண் வால் மிஞ்சுகிறது, அதை முடிச்சுக்கு அடியிலேயே செருகினால் ஒரு பூப்போல நிற்கும் என்று பேத்தி சொல்லியிருந்தாள்.

இறுக்குவதற்கு என்னை விடவில்லை, அவரே கட்டினார். பூவாக நிற்கவில்லை. பழனிக்கு நடந்து போகிறவர்கள் தோளில் போட்டுக்கொண்டு போகும் கட்டுச்சோற்று மூட்டைபோல இருக்கிறது. ஆனாலும் உறை என்ற முறையில் அது தன் வேலையைச் செய்கிறது. பதினைந்தும் பதினாறுமாக இருந்த கோணல் குஷன் எங்கே கோணல் என்று தெரியாமல் மறைந்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

நாத்தனார் சேலையை அடையாளம் கண்டுவிடுவார். கரையில் அன்னம் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

நான்கும் கட்டியாயிற்று. மிச்சமிருந்த ஒரு கெஜத் துணியில் முடிச்சுப் போட வால் வராது. ஆகையால் ஐந்தாவதை வேறுமாதிரிச் செய்தேன். 45 அங்குல நீளத்தைக் குஷனைச் சுற்றிச் சுருட்டி, ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏற விட்டு, பக்கவாட்டில் மிஞ்சியதைப் பொட்டலம் மடிப்பதுபோல முக்கோணமாக மடித்து அந்த ஏற்றத்துக்கு அடியில் செருகினேன். உட்புறமாக இரண்டு ஊக்குகள். ஊக்கு குத்தும் வேலையையும் அவரிடம் கொடுத்தேன், பூட்டிவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். பின்புறம் சுத்தமாக, முடிச்சே இல்லாமல் இருப்பதால், உண்மையில் சாய்வதற்கு இதுதான் சுகம். முடிச்சுள்ளவற்றைத் திருப்பி வைத்தால் முதுகில் உறுத்தாது, ஆனால் முடிச்சுத் தெரியாமல் வைப்பதற்கு ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று பேத்தி கோபிக்கிறாள்.

பசைப் புட்டியையும் நாடாவையும் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளியாயிற்று. ஒட்டிய உறையைத் துவைக்கும்போதெல்லாம் ஒட்டு விடுமோ என்ற கவலை இருக்கும். கட்டிய உறையை அவிழ்த்தால் வெறும் துணி, அலசிக் கொடியில் போட்டுவிட்டு மறுபடியும் கட்டலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோபாவைப் பார்ப்பதை நிறுத்தச் சொல்கிறார். நீலம். பச்சை. நீலம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நாத்தனார் தேங்காய்ச் சாதமும் புளியோதரையுமாக வந்து இறங்கினார். உட்காரவே இல்லை. நேராகக் குஷனைத் தூக்கிக் கரையை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, “மதினி, இது நான் எடுத்த சேலை” என்றார். நான் ஆமாம் என்றேன். “ஒரு நாள் ஒழுங்கா கட்டியிருப்பீங்களா இத?” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கண்ணில் மருந்து விடும் நேரம் வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் நடுவில் புகுந்து காப்பாற்றினார்.

மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் முடிச்சுகளை அவிழ்த்து, அண்ணனுக்கு மூட்டை கட்டக்கூடத் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி, முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தபோது நான்கிலும் அன்னக்கரை நடுவில் ஒரே சாய்வாக ஓடியது, வால்கள் உண்மையிலேயே பூவாக நின்றன. மூலையை மடிக்கும்போது கரையை உள்ளே விடாமல் வெளியே திருப்பி மடிக்க வேண்டுமாம். கையில் எடுத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை, தொட்டுப் புரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெறும் வயிற்றில் 118. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். தலைக்கு நாளையே குளித்துவிட வேண்டும், இனி ஆவணியில்தான். பெட்டியில் அரக்குச் சேலை ஒன்றும் இருக்கிறது, திண்டு இரண்டுக்கும் அதைச் சுற்றலாம், நீளம் போதுமா என்று அவரை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.