வலது தோளுக்கு மேலாக

காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மகள் எறிந்த பந்தைப் பிடித்துப் பார்த்தேன். பத்தில் இரண்டுதான் கைக்கு வந்தது.

வில்லி ஓ'ரீ இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஐஸ் ஹாக்கி ஆடினார்.

கனடாக்காரர். இளம் வயதில், இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு முகத்தில் பட்டு, வலது கண் பார்வை கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. இனி ஆட முடியாது என்றார் மருத்துவர். அணியிடம் மூச்சுவிடாமல், 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக மாண்ட்ரியலில் இறங்கினார்.

வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடிய முதல் கறுப்பின வீரர்.

ஆடியது இடது ஓரத்தில். வட்டு வருவதோ வலப்பக்கமிருந்து. ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுக்கத் திருப்பி, வலது தோளுக்கு மேலாக இடது கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். அந்த நொடியில் யாராவது வந்து மோதினால்?

மோதினார்கள். நிறத்தைச் சொல்லித் திட்டவும் செய்தார்கள்.

என்.எச்.எல்.லில் 45 ஆட்டம், 4 கோல். அப்புறம் 1979 வரை சிறிய லீக்குகள். லாஸ் ஏஞ்சலஸில் வலது ஓரத்துக்கு மாறியதும் கோல்கள் குவிந்தன. அந்த 45-ஐ வைத்து அவரை அளக்க எனக்கு மனம் வரவில்லை.

2022-ல், அவருடைய 86 வயதில், அவர் அணிந்த 22-ஆம் எண்ணுக்கு புரூயின்ஸ் ஓய்வு கொடுத்தது. இனி அதை யாருக்கும் தருவதில்லை.

மகளிடம் அவர் படத்தைக் காட்டினேன்.

"எந்தக் கண்ணுப்பா?" என்றாள்.